டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறுகிறது என்றால்

கேள்வி: கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் ஒரு கல் குவாரியில் சொந்தமாக 20 டன் ஹிட்டாச்சி (மண், கல் அள்ளும் எக்ஸ்கவேட்டர்) ஒன்றை ஆபரேட்டர் வைத்து ஓட்டுகிறேன். செகண்டில் வாங்கியது, 2014 மாடல், மீட்டர் 13,200 மணி காட்டுகிறது. வேலை முழுக்க டிப்பருக்கு லோடு அடிப்பதுதான். மூன்று மாதமாக ஸ்விங்கில், அதாவது மேல் பாகம் சுற்றித் திரும்புவதில், கோளாறு. வலது பக்கம் திருப்பும்போது, அதுவும் லோடோடு கொஞ்சம் மேடு என்றால், திணறுகிறது. இடது பக்கம் திருப்பி லீவரை விட்டால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய் நிற்கிறது. இரண்டு பக்கமும் திருப்பத் தொடங்கும்போது ‘டொக்’ என்று ஒரு வெட்டு. பூம் (பெரிய கை), ஆர்ம் (முன் கை), பக்கெட் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. ஸ்விங் கியர் பாக்ஸ் ஆயில் குறையவே இல்லை, டிப் ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. மெக்கானிக், “மோட்டார் போச்சு, ரீகண்டிஷன் மோட்டார் இரண்டரை லட்சம் ஆகும்” என்கிறார். இன்னும் 14 தவணை பாக்கி. மாற்றிவிடலாமா? குவாரியிலேயே வைத்து மாற்ற முடியுமா?

பதில்: இரண்டரை லட்சத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரு கோளாறு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்று தெரிகிறது. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம், தனித்தனிச் செலவு. மோட்டாரை மட்டும் மாற்றினால் அதில் இரண்டு ஒருவேளை சரியாகும். மூன்றாவது அப்படியே உள்ளே உட்கார்ந்து புது மோட்டாரோடு சேர்ந்து ஓடும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஹைட்ராலிக் ஆயிலின் அழுத்தத்தில் மேலே இருக்கும் ஸ்விங் மோட்டார் சுற்றுகிறது. அதன் வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டுவது அடியில் இருக்கும் கியர் பாக்ஸ். அதில் இரண்டு அடுக்காக சன் கியரும், அதைச் சுற்றி பிளானட் கியர்களும் இருக்கும். கியர் பாக்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பினியன், பெரிய ரிங் கியரின் உள் பல்லைப் பிடித்து நடக்கிறது. ரிங் கியர் செயின் ஃபிரேமோடு (செயின் ஓடும் அடிச் சட்டம்) போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால் அது அசையாது. பினியன் அதன் மேல் நடக்க, கேபினும் பூமும் சேர்ந்து திரும்புகின்றன. எல்லா 20 டன் மெஷினிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். நம் ஊரில் எந்தக் கம்பெனி மெஷினையும் ஹிட்டாச்சி என்றே சொல்கிறோம், அதற்கு முன்னால் ஒரு தலைமுறை எல்லாவற்றையும் பொக்லைன் என்றது. அதனால் உங்களுடையது எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியாவிட்டாலும் கீழே சொல்வது பொருந்தும். அளவுகளுக்கு மட்டும் உங்கள் மாடலின் மேனுவலைப் பாருங்கள்.

இப்போது அந்த முக்கியமான வரிக்கு வருகிறேன்: வலது பக்கம் திருப்பும்போது திணறுகிறது, இடது பக்கம் திருப்பி நிறுத்தும்போது தாண்டிப் போகிறது. இரண்டையும் இப்படிக் கவனித்து எழுதியதற்கு நன்றி. பெரும்பாலான கடிதங்களில் ‘ஸ்விங் வீக்’ என்ற ஒரே சொல்தான் வரும்.

லீவரை விட்டதும் மெஷினை நிறுத்துவது பிரேக் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மோட்டாருக்குள் இருக்கும் பிளேட் பிரேக், மெஷின் நின்று சில விநாடி கழித்துத்தான் பிடிக்கும். நின்ற மெஷினைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஓடும் மெஷினை நிறுத்துவது ஆயில்தான். லீவரை விட்டதும் மோட்டாரின் இரண்டு வழியும் அடைபடுகின்றன. மேல் பாகம் ஓடிவந்த வேகத்தில் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஒரு பம்ப் போல ஆயிலை வெளியேறும் பக்கம் தள்ளி அழுத்துகிறது. அந்தப் பக்கத்து ரிலீஃப் வால்வு (அழுத்தம் அளவு மீறினால் திறந்துவிடும் வால்வு) வைத்திருக்கும் அழுத்தத்தில்தான் மெஷின் நிற்கிறது. வலது பக்கம் திருப்பும்போது ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறதோ, இடது பக்கம் ஓடி நிற்கும்போது அழுத்தம் ஏறுவதும் அதே வழியில்தான். ஆகவே வலதில் பலம் இல்லை, இடதில் நிற்கவில்லை என்றால் இரண்டுக்கும் காரணம் ஒரே வழி. அந்த வழியில் இருக்கும் ரிலீஃப் வால்வு சீக்கிரம் திறந்துவிடுகிறது, அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் செக் வால்வு (ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) சரியாக உட்காராமல் கசிகிறது.

மோட்டாரின் பிஸ்டனும் சிலிண்டர் பிளாக்கும் வால்வு பிளேட்டும் தேய்ந்திருந்தால் பலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் குறையும். பிரேக் முழுசாக விடாமல் உரசினாலும் அப்படியே. பம்பில் கோளாறு என்றால் பூமும் ஆர்மும் சேர்ந்து மந்தமாகும். வலது பக்கத்துக்குப் போகும் பைலட் லைனிலோ (லீவரிலிருந்து மெயின் வால்வை இயக்கும் சின்ன ஆயில் லைன்), மெயின் வால்வின் ஸ்பூலிலோ (உள்ளே நகர்ந்து வழிவிடும் தண்டு) கோளாறு இருந்தால் வலதில் திணறும், ஆனால் இடதில் தாண்டிப் போவதற்கு அது காரணமாகாது. உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. 13,000 மணி ஓடிய மோட்டார் தேய்ந்திருக்கலாம்தான். ஆனால் உங்களை இப்போது தொல்லை பண்ணுவது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லாத வழி இருக்கிறது. மோட்டாரின் மேல் பகுதியில் இரண்டு ரிலீஃப் வால்வுகள் திருகி வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான மெஷின்களில் இரண்டும் ஒரே பார்ட் நம்பர். சமதளத்தில் மெஷினை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இஞ்சினை அணையுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, கை லீவர்களை முடக்கி வைக்கும் லாக் லீவரை விடுவித்து, கை லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி உள்ளே நிற்கும் அழுத்தத்தை இறக்குங்கள். ஆயில் டேங்க் மூடியையும் மெதுவாகத் திறந்து காற்றை விடுங்கள். ஆயில் ஆறட்டும். அப்புறம் மோட்டாரைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டு வால்வையும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம், ஓ ரிங் மட்டும் புதிது போடலாம். ஸ்டார்ட் செய்து பாருங்கள். இப்போது இடதில் திணறி வலதில் தாண்டிப் போனால் வால்வுதான் குற்றவாளி, கோளாறு வால்வோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. மாறவில்லை என்றால் அதே பக்கத்துச் செக் வால்வைக் கழற்றி அதன் சீட்டைப் பாருங்கள். ஒரு சின்ன உலோகத் துகள் நடுவில் மாட்டி, சீட்டில் நகத்தால் உணரும் அளவுக்குக் கோடு விழுந்திருக்கும். இதே இடத்தில் ஒரு ஸ்பிரிங் ஒடிந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பிரஷர் கேஜ் இருக்கிறவர்கள் அளந்தே பார்க்கலாம். ஆயில் சூடு 50 டிகிரி வாக்கில் இருக்கும்போது, பக்கெட்டைப் பாறைச் சுவரில் மெதுவாக அணைத்து வைத்து ஸ்விங் லீவரை முழுக்க இழுத்தால் ரிலீஃப் அழுத்தம் தெரியும். பல 20 டன் மெஷின்களில் இது 280 முதல் 330 பார் வரை இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். எண்ணை விட இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஒன்று 300, இன்னொன்று 220 என்றால் வேறு பேச்சே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ‘கொஞ்சம் ஏற்றி வைத்தால் பவர் வரும்’ என்று யாராவது ஸ்க்ரூவைத் திருக வந்தால் விடாதீர்கள். ரிலீஃபை ஏற்றினால் அந்தப் பலம் கியர் பல்லிலும் பினியனிலும்தான் போய் இறங்கும்.

மோட்டார் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைக் கழற்றத் தேவையில்லை. மோட்டாருக்குள் கசியும் ஆயிலை டேங்குக்குக் கொண்டுபோகும் டிரெயின் ஹோஸைக் கழற்றி, டேங்க் பக்கத்தை அடைத்து, மோட்டார் பக்கத்தை ஒரு கேனில் விடுங்கள். முன்பு சொன்னதுபோல் பக்கெட்டை அணைத்து ஒரு நிமிடம் ஸ்விங்கை இழுத்துப் பிடித்தால் கேனில் எத்தனை லிட்டர் விழுகிறது என்பதே மோட்டாரின் உடல்நிலை. எத்தனை லிட்டர் வரை பரவாயில்லை, எத்தனைக்கு மேல் பிரித்தாக வேண்டும் என்று மேனுவலில் இரண்டு எண்ணும் கொடுத்திருப்பார்கள். கேனில் விழுந்த ஆயிலை வெயிலில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். பொன் நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் பிஸ்டன் முனையில் மாட்டியிருக்கும் ஷூவின் வெண்கலம் கரைகிறது. அப்போது மோட்டாரைப் பிரிப்பதைப் பற்றிப் பேசலாம்.

சரி, என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்த வரி இனிமேல்தான். ‘ஆயில் குறையவே இல்லை’ என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். ஊற்றாமல் கியர் பாக்ஸில் ஆயில் எப்படி ஏறும்? மோட்டார் ஷாஃப்டின் ஆயில் சீல் போய், ஹைட்ராலிக் ஆயில் கியர் பாக்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. குறைகிற ஆயிலைக் கண்டால் எல்லோரும் பதறுவார்கள். ஏறுகிற ஆயிலை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அதுதான் அதிகம் கெடுக்கும். 90 நம்பர் கியர் ஆயில் பாகு மாதிரி கெட்டி. 46 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் அதற்கு முன்னால் தண்ணீர். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நின்று பாரம் தாங்கும் மருந்தும் அதில் கியர் ஆயிலில் இருக்கும் அளவுக்குக் கிடையாது. இரண்டும் கலந்தால் பிளானட் கியரின் ஊசி பேரிங்தான் முதலில் அடிவாங்கும். அளவுக்கு மேல் நிற்கும் ஆயில் சுற்றிச் சுற்றி நுரைத்துச் சூடாகி, அடியில் இருக்கும் பினியன் சீலையும் நெட்டித் தள்ளும். அந்தச் சீலும் போனால் ஆயில் ரிங் கியர் கிரீஸில் இறங்கி, கிரீஸ் கஞ்சியாகிவிடும்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது, கியர் பாக்ஸ் டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் பிடிப்பது. எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்று மேனுவலில் பாருங்கள், பல 20 டன் மெஷின்களில் ஆறேழு லிட்டர். அதற்கு மேல் ஒன்றிரண்டு லிட்டர் வந்தால் சந்தேகமே இல்லை. பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றை விரித்து அதில் கொஞ்சம் ஊற்றுங்கள். சாம்பல் நிறத்தில் விரலில் ஒட்டும் மை மாதிரி நைசான பொடி என்றால் இயல்பான தேய்மானம். செதில் செதிலாக, மீன் செதில் அளவுக்குப் பளபளவென்று இருந்தால் பல்லோ பேரிங் பாதையோ உரிந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறம் வந்தால் பிளானட் கியரின் வாஷர். ஊசி மாதிரி உருளைத் துண்டோ, நகம் அளவுக்குப் பல் துண்டோ கிடைத்தால் அன்றோடு மெஷினை நிறுத்துங்கள். அந்தத் துண்டு இரண்டு பல்லுக்கு நடுவில் மாட்டினால் கியர் பாக்ஸ் கூடே வெடித்துவிடும். அப்போது ஆகும் செலவுக்கு முன்னால் இரண்டரை லட்சம் சின்னத் தொகையாகத் தெரியும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த நாலைந்து வருடத்தில், சங்ககிரி பக்கம் ஒரு மெஷினில் இதே ஷாஃப்ட் சீலை மாற்றினேன். பத்தே நாளில் மறுபடியும் ஆயில் ஏறிவிட்டது. சீல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. மூன்றாவது தடவை ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “டிரெயின் ஹோஸை ஊதிப் பாத்தியா தம்பி?” என்றார். ஊதினால் காற்றே போகவில்லை. வெளியே புதுசு போல இருந்த ஹோஸின் உள் ரப்பர் உரிந்து வழியை அடைத்திருந்தது. மோட்டார் கூட்டுக்குள் சாதாரணமாக ஓரிரு பார் அழுத்தம்தான் இருக்க வேண்டும். டிரெயின் அடைபட்டால் அது ஏறிக்கொண்டே போய், பலவீனமான இடமான சீலைப் பிய்த்துவிடும். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து சீல் மாற்றும்போதெல்லாம் டிரெயின் ஹோஸையும் மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது அந்த ‘டொக்’. இது லூஸ். எங்கே லூஸ் என்பதுதான் கேள்வி. மோட்டார் ஷாஃப்டின் ஸ்ப்லைன் (ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), இரண்டு சன் கியர், பிளானட் பின், பினியன் ஸ்ப்லைன், பினியனுக்கும் ரிங் கியருக்கும் நடுவே உள்ள இடைவெளி, கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட் என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். போல்ட்டிலிருந்து தொடங்குங்கள். செலவில்லாதது அதுதான். போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி செம்மண் மாதிரி கசிந்திருந்தால் அது லூஸ்.

பிறகு, சமதளத்தில் பூமையும் ஆர்மையும் முழுக்க நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி வைத்து இஞ்சினை அணையுங்கள். பக்கெட்டுக்கு அடியில் யார் காலும் இருக்கக் கூடாது. இரண்டு பேர் ஆர்மின் முனையைப் பக்கவாட்டில் தள்ளி இழுக்கட்டும். பக்கெட்டைத் தள்ள வேண்டாம், பக்கெட் பின்னின் ஆட்டமும் சேர்ந்து ஏமாற்றும். மெஷின் மையத்திலிருந்து பினியன் பல் பிடிக்கும் இடம் சுமார் அரை மீட்டர், ஆர்ம் முனை எட்டு ஒன்பது மீட்டர். பல்லில் இருக்கும் ஒரு மி.மீ. லூஸ் முனையில் பதினாறு பதினெட்டு மி.மீ. ஆகத் தெரியும். அதனால் இரண்டு விரல் ஆட்டத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஒரு சாண் ஆட்டம் என்றால் பயப்படலாம். இப்படி ஆட்டும்போதே ரிங் கியர் பக்கத்துப் பார்வை மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். பினியன் நிலையாக இருக்க, அதன் பல்லுக்கும் ரிங் கியர் பல்லுக்கும் இடையே சந்து திறந்து மூடினால் தேய்மானம் அங்கே. பினியன் ரிங் கியரை விடாமல் பிடித்துக்கொண்டு அதுவே முன்னும் பின்னும் திரும்பினால் லூஸ் கியர் பாக்ஸுக்கு உள்ளே. ஆயில் கலந்து ஓடிய உங்கள் மெஷினில் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

மூடி திறந்த கையோடு கிரீஸையும் பாருங்கள். வெண்ணெய் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. குவாரிப் பள்ளத்தில் தேங்கும் மழைத்தண்ணீரில் நின்று ஓடும் மெஷினில் இது சகஜம். ரிங் கியர் பல்லை ஒரு இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வருடக்கணக்காக ஒரே திசையில் நின்று முன்னால் அள்ளி இடப்பக்கம் கொட்டும் மெஷினில் அந்தக் கால் வட்டத்துப் பல் மட்டும் கூராகத் தேய்ந்திருக்கும், எதிர்ப் பக்கம் புதுசு போல இருக்கும். சிலர் ரிங் கியரைக் கழற்றி 90 டிகிரி திருப்பிப் போட்டு நல்ல பல்லை வேலைக்குக் கொண்டுவருவார்கள். புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் ரிங் கியரோடு சேர்ந்தே இருக்கும் ரிங் பேரிங்கின் பாதையில் கடினப்படுத்தாத ஒரு துண்டு உண்டு, ‘எஸ்’ என்று அடையாளம் போட்டிருப்பார்கள். பாரம் குறைவான பக்கவாட்டில் வரும்படி அதைக் கம்பெனியில் பொருத்துகிறார்கள். 90 டிகிரி திருப்பினால் அது நேராகப் பூமுக்கு அடியில் போய் உட்காரும்.

ரிங் பேரிங்கின் மேல் கீழ் ஆட்டத்தையும் டயல் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். முன்பக்கம் மேல் வளையத்துக்கும் செயின் ஃபிரேமுக்கும் நடுவே கேஜை நிறுத்தி, பக்கெட் தரையைத் தொடாமல் ஒரு அளவு, பக்கெட்டை ஊன்றி மெஷினின் முன்பக்கத்தைத் தூக்கி இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். மேனுவல் எல்லையைத் தாண்டியிருந்தால், நல்ல கியர் பாக்ஸ் போட்டாலும் பினியன் கோணலாகத்தான் பல்லைப் பிடிக்கும்.

பிரேக்குக்கு ஒரே சோதனை போதும். 15 டிகிரி சரிவில், அதாவது நூறு அடிக்கு 27 அடி ஏறும் சரிவில், மேல் பாகத்தைக் குறுக்காகத் திருப்பி நிறுத்துங்கள். மேல் வளையத்திலும் ஃபிரேமிலும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு 5 நிமிடம் பாருங்கள். கோடு விலகவே கூடாது. விலகினால் பிரேக் பிளேட் தேய்ந்திருக்கிறது.

இனி பிரிக்கும் கதை. வால்வை மாற்றுவது, ஆயிலை இறக்கிப் பார்ப்பது, லூஸ் பார்ப்பது எல்லாம் குவாரியிலேயே செய்யலாம். கியர் பாக்ஸையோ மோட்டாரையோ பிரிப்பதைக் குவாரியில் செய்யாதீர்கள். கிரஷர் தூசியில் திறந்த மோட்டார் உள்ளே போகும்போதே பாதி போய்விட்டது. அசெம்பிளியை இறக்கி ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இறக்குவதற்கு முன் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்விங் கியர் பாக்ஸ் வெளியே வந்த மெஷினுக்கு ஸ்விங்கில் பிரேக் கிடையாது. பினியன் ரிங் கியரை விட்ட நொடியில் பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள மேல் பாகம் காற்றடித்தாலும் திரும்பத் தயாராக நிற்கிறது. தரை மட்டமாக இருக்க வேண்டும், பக்கெட் நன்றாக ஊன்றியிருக்க வேண்டும், ஸ்விங் லாக் பின் இருக்கும் மெஷினில் அதையும் போட வேண்டும், கட்டைகொடுத்துக் கட்டவும் வேண்டும். மோட்டாரோடு சேர்ந்த கியர் பாக்ஸ் இருநூறு கிலோவுக்கு மேல் வரும். பக்கத்து ஹிட்டாச்சியின் பக்கெட் பல்லில் கம்பியைக் கட்டித் தூக்குவது நம் வழக்கம். நானும் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. அரை மணி நேரம் கிரேன் வாடகை கொடுங்கள், அல்லது எடை எழுதிய செயின் பிளாக்கில் தூக்குங்கள். ஹோஸ்களுக்கு நம்பர் எழுதிக் கட்டி உடனே வாயை அடையுங்கள். போல்ட் எல்லாம் கழன்ற பிறகும் கியர் பாக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். கடப்பாரையால் நெம்பாமல், அதற்கென்று இருக்கும் ஓட்டைகளில் போல்ட்டைத் திருகி நெட்டினால் நேராக எழும்.

பிரித்ததும் பிளானட் கியர்களை மூன்று மூன்றாகப் பாருங்கள். ஒன்று உரிந்திருந்தால் அந்த அடுக்கின் மூன்றையும் பேரிங், வாஷரோடு மாற்றுங்கள். புதிது ஒன்று, பழையது இரண்டு என்று கலந்தால் பாரம் முழுக்க ஒன்றின் தலையில் விழும். சன் கியர் ஸ்ப்லைனில் படி மாதிரி வெட்டு விழுந்திருந்தால் உங்கள் ‘டொக்’ அங்கே பிறக்கிறது. அதை லேத்தில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்பார்கள். பக்கெட் பின்னுக்கு அது சரி, இதற்கு வேண்டாம். பினியன் ஷாஃப்டில் சீல் ஓடும் இடத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீல் போட்டும் பயனில்லை. ஸ்லீவ் மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் சீலின் உதடு புது இடத்தில் ஓடும்படி ஓரிரு மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள். பினியன் பேரிங்கை அனேகமாக எல்லோரும் ‘சுத்துது, நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பப் போடுகிறார்கள். 13,000 மணிக்குப் பிறகு நான் போடுவதில்லை.

பார்ட் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் மெஷின் சீரியல் நம்பரையும் மோட்டார், கியர் பாக்ஸ் தகட்டில் இருக்கும் எண்ணையும் கொடுங்கள். ஒரே மாடலில் நடுவில் கியர் பாக்ஸ் மாறியிருக்கும், பினியன் பல் எண்ணிக்கையே வேறாக இருக்கும். செகண்டில் வாங்கிய மெஷினில் முந்தைய ஓனர் எதை மாற்றினார் என்பதும் தெரியாது. ரீகண்டிஷன் மோட்டார்தான் என்றால் என்னென்ன பார்ட் மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பெயிண்ட் அடிப்பது ரீகண்டிஷன் ஆகாது.

மாட்டும்போது செய்யும் தவறுகளில் எல்லாவற்றையும் விட விலை உயர்ந்தது, மோட்டார் கூட்டில் ஆயில் நிரப்பாமல் ஸ்டார்ட் செய்வது. டிரெயின் வாயில் சுத்தமான ஹைட்ராலிக் ஆயிலை நிரம்பும் வரை ஊற்றிவிட்டுத்தான் ஹோஸை மாட்ட வேண்டும். காய்ந்த ஷூவும் காய்ந்த பிளேட்டும் சில நிமிடத்திலேயே ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்டார்ட் செய்த பிறகு சும்மா ஐடிலில் ஓடவிட்டு, லோடு இல்லாமல் மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். பழைய மோட்டார் உலோகப் பொடி கக்கியிருந்தால் டேங்கைக் கழுவி, ரிட்டர்ன் ஃபில்ட்டர், பைலட் ஃபில்ட்டர் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். ரிங் கியர் தொட்டியில் இருக்கும் பழைய கிரீஸில் பல் துண்டு கிடக்கலாம், முழுசாக வாரி எடுங்கள். போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் இறுக்கத்தில், எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். பைப்பை மாட்டி இரண்டு பேர் தொங்குவது கணக்கில் வராது.

கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில் என்பதையும் பார்த்து ஊற்றுங்கள். சில கம்பெனிகள் 90 நம்பர் கியர் ஆயில் சொல்கின்றன, சில கம்பெனிகள் 30 நம்பர் இஞ்சின் ஆயிலே போதும் என்கின்றன. பெரும்பாலும் 1,000 மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

உங்கள் ஆபரேட்டரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: டிப்பர் நிற்கும் இடத்தைச் சீர்செய்யப் பெரிய கல்லைப் பக்கெட்டின் பக்கவாட்டால் தள்ளுகிறாரா? குவாரியில் தள்ளாதவர் அபூர்வம். கல்லின் எடை முழுக்க எட்டு மீட்டர் நெம்புகோல் வழியாகப் பினியனின் ஒன்றிரண்டு பல்லில்தான் வந்து விழும். ஓடும்போது எதிர் லீவர் போட்டு நிறுத்துவதும் அப்படியே. ஒரு முழம் தாண்டிப் போகிற மெஷினில் அவரும் பாவம் வேறென்ன செய்வார், எதிர் லீவர்தான் போட்டிருப்பார். உங்கள் கியர் பாக்ஸ் வாங்கிய அடியில் அதற்கும் பங்கு இருக்கும். வால்வைச் சரிசெய்த பிறகு அந்தப் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

ஆக, வரிசை இதுதான்: இன்று கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கிப் பாருங்கள், நாளை வால்வை இடம் மாற்றிப் பாருங்கள், டிரெயின் அளவு எடுங்கள், லூஸ் பாருங்கள். துணியில் செதில் இல்லாமல், டிரெயின் அளவும் எல்லைக்குள் இருந்தால் ஒரு ரிலீஃப் வால்வு, ஒரு ஷாஃப்ட் சீல், ஒரு ஹோஸ், புது ஆயில் என்று சில்லறையில் முடிந்துவிடலாம். செதில் இருந்தால் கியர் பாக்ஸ் வேலை உறுதி. அப்போதும் மோட்டாரைச் சீல் கிட் போட்டு ஓட்ட முடியுமா என்பதை டிரெயின் கேன்தான் சொல்லும். எதைச் செய்தாலும் புது ஆயில் ஊற்றி 50 மணி ஓடியதும் அதை மறுபடி இறக்கி, அதே வெள்ளைத் துணியில் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் அன்றைய மட்டத்தை ஒரு கோடு கீறி வைத்து, அடுத்த மாதம் அது ஏறியிருக்கிறதா என்று எழுதுங்கள்.